மூக்கில் ரத்தம் வந்தது துக்கத்தால் அல்ல

கேள்வி: கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டில் எங்களுக்குத் தோட்டம், வீடு இரண்டும் ஒரே இடத்தில். எங்கள் நாய் மணி சிப்பிப்பாறைக் கலப்பு, வயது ஐந்து. குட்டியிலிருந்தே என் மாமனாரோடுதான் இருப்பான். அவர் காட்டுக்குக் கிளம்பினால் முன்னால் ஓடுவான், ராத்திரி அவருடைய கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் படுப்பான். தை மாதம் மாமனார் தவறிவிட்டார். நாலைந்து நாள் மணி ஒன்றும் தின்னவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, காட்டுக்கும் வந்து போனான். இப்போது பங்குனி. பதினைந்து நாளாக மறுபடியும் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான். எந்நேரமும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான். போன வாரம் மூக்கில் ரத்தம் வந்தது. "எசமான் பின்னாடியே போகப் போகுது, விசுவாசம் அப்படி, தொந்தரவு பண்ணாதே" என்கிறார்கள் ஊரில். உடம்பு சுட்டதால் பாராசிட்டமால் அரை மாத்திரை ஒரு தடவை கொடுத்தோம். உண்ணி நிறைய இருக்கிறது; பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டலாமா? வெறிநாய்த் தடுப்பூசி போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான், ஆறு ஆடு நிற்கிறது.
— ஒரு வாசகி

பதில்: முதலில் மணியின் ஈறைப் பாருங்கள் அம்மா, மற்றதைப் பிறகு படிக்கலாம். மேலுதட்டைத் தூக்கினால் கோரைப் பல்லுக்கு மேலே தெரியும் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு சுண்ணாம்புச் சுவர் போல வெளுத்திருந்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தாலோ நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே வண்டி பிடியுங்கள்.

வாய்ப்பக்கம் கை கொண்டுபோகும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். தடுப்பூசி தவறிய நாய் திடீரென்று சாப்பாட்டை விட்டால் வெறிநோயையும் நினைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். தாடை தொங்குவது, எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் திணறுவது, குரைப்பின் குரல் மாறுவது, நடை தள்ளாடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தொடாதீர்கள், பையனை அண்டவிடாதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெறிநோய்க் குறி தெரிந்த நாய் பெரும்பாலும் பத்து நாளைத் தாண்டாது. மணி பதினைந்து நாளாக ஒரே நிலையில் கிடக்கிறான், ஆளை அடையாளம் கண்டுகொள்கிறான் என்றால் அந்தச் சந்தேகம் வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் தடுப்பூசி தவறிய விஷயத்தை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

இனி ஊரார் சொல்வதற்கு வருவோம். நாய்க்குத் துக்கம் உண்டு. கூட இருந்தவர் போய்விட்டால் சில நாள் தின்னாமல் கிடக்கும், வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும், தேடும். மணி அதைத் தை மாதமே செய்து முடித்துவிட்டான். நாலைந்து நாள் பட்டினி கிடந்தான், பிறகு தேறினான், காட்டுக்கு வந்தான். துக்கம் போகும் வழி அதுதான். தேறிய நாய் ஒன்றரை மாதம் கழித்து மறுபடி விழுகிறது, உடம்பு சுடுகிறது, மூக்கில் ரத்தம் வருகிறது என்றால் அது வேறு கணக்கு. துக்கத்துக்குக் காய்ச்சல் அடிக்காது. விசுவாசம் என்று பேர் வைத்துவிட்டதால் பதினைந்து நாள் வீணாகியிருக்கிறது. இதற்காக உங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நல்ல மனசுக்காரர்கள் வீட்டில்தான் இந்தத் தாமதம் அதிகம் நடக்கிறது.

நீங்கள் எழுதிய குறிகள் உண்ணிக் காய்ச்சலைத்தான் முதலில் காட்டுகின்றன. எர்லிக்கியா என்ற நுண்ணுயிர் உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் இறங்கி வெள்ளை அணுக்களுக்குள் குடியேறுகிறது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, பசியின்மை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அழிந்துகொண்டே போவதால் மூக்கில் ரத்தம் வருகிறது. மணியைப் புரட்டிப்போட்டு மயிர் குறைந்த அடிவயிற்றையும் தொடையின் உள்பக்கத்தையும் பாருங்கள். குண்டூசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் தட்டணு குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூக்கில் ரத்தம் வர வேறு காரணங்களும் உண்டு. தோட்டத்திலோ பக்கத்துக் காட்டிலோ எலி மருந்துக் கட்டி வைத்தார்களா என்று விசாரியுங்கள். புரோமாடியோலோன் வகைக் கட்டியைத் தின்ற நாய்க்கு உடனே ஒன்றும் தெரியாது, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தம் கசியத் தொடங்கும். அதற்கு வைட்டமின் கே-1 என்ற மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் இப்படி ஒரு சந்தேகம் இருக்கிறதென்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் கொடுப்பார். ஒரே துளையில் மட்டும் ரத்தம், கூடவே ஓயாத தும்மல் என்றால் புல் முள் உள்ளே ஏறியிருக்கலாம்.

காய்ச்சலைக் கையால் தொட்டுத் தீர்மானிக்காதீர்கள். நாயின் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுழைத்து, சத்தம் வரும்வரை பிடியுங்கள். 103.5க்கு மேல் என்றால் சந்தேகமில்லாமல் காய்ச்சல். இதற்கென்று தனித் தெர்மாமீட்டர் வாங்கி அடையாளம் போட்டு வைத்துவிடுங்கள். எடையும் தெரிய வேண்டும்: நீங்கள் தனியாகத் தராசில் ஏறி ஒரு எடை, மணியைத் தூக்கிக்கொண்டு ஒரு எடை, கழித்துக்கொள்ளுங்கள். எல்லா மருந்தும் எடைக் கணக்கில்தான்.

உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குக் காலையில் போங்கள். ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை, ஹீமோகுளோபின், காது மடல் நுனியில் எடுத்த ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ரத்தப் பூச்சு, எர்லிக்கியாவுக்கான துரிதப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், இவ்வளவும் பார்த்தால் நல்லது. தட்டணு சாதாரணமாக இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். அங்கே வசதி இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காது ரத்தப் பூச்சைக் கேட்டு வாங்கச் சொல்வதற்குக் காரணம், அதே உண்ணி பேபீசியா என்ற இன்னொரு கிருமியையும் ஏற்றிவிடும். அது சிவப்பணுக்களை உடைப்பது. அதற்கு மருந்து வேறு. இரண்டும் சேர்ந்திருக்கும் நாய்க்கு ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு "கேட்கவில்லையே" என்று தவிப்பதுண்டு.

எர்லிக்கியா உறுதியானால் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதுவார்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம், 20 கிலோ நாய் என்றால் நாளொன்றுக்கு 200, அதை 100 வீதம் இரண்டு வேளையாகப் பிரித்தும் கொடுக்கலாம். 28 நாள். இந்த 28தான் சிக்கல். மருந்து ஆரம்பித்து மூன்று நாளுக்குள் பெரும்பாலான நாய்கள் எழுந்து வாலை ஆட்டும். பத்தாம் நாள் மாத்திரை அட்டை அலமாரியில் தூங்கும். பாதியில் விட்டால் கிருமி மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பதுங்கி, மாதங்கள் கழித்தோ வருஷங்கள் கழித்தோ மஜ்ஜையே வற்றிய நிலையில் திரும்ப வரும். அப்போது காப்பாற்றுவது கஷ்டம். காலண்டரில் 28 கட்டத்துக்கும் வட்டம் போட்டு, கொடுத்ததும் அடியுங்கள்.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாயே புண்ணாகும். ஒரு வாய் உணவு, மாத்திரை, அதன் பிறகு இன்னொரு வாய் உணவு, கொஞ்சம் தண்ணீர். பலரும் தயிர்ச் சோற்றில் புதைத்துக் கொடுப்பார்கள், அது வேண்டாம். பாலிலும் தயிரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் தள்ளியே தயிர். அவித்த ஈரல் துண்டுக்குள் வைத்தால் தானே விழுங்கிவிடுவான். ஒரு வாரம் கழித்து ஒரு முறையும் மருந்து முடிந்ததும் ஒரு முறையும் தட்டணுவை எண்ணிப் பாருங்கள்.

பாராசிட்டமால் அரை மாத்திரை ஒரு தடவை கொடுத்ததால் கேடு நடந்திருக்க வாய்ப்பில்லை. இனிமேல் வேண்டாம், காய்ச்சலை மறைத்து நோயைக் காட்டாமல் செய்துவிடும். அளவு கூடினால் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். அதைவிட மோசம் இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின். தட்டணு குறைந்த நாய்க்கு இவற்றில் ஒன்று போனால் குடலில் ரத்தம் கொட்டும். சதையில் ஊசி போட யாராவது வந்தாலும் முதலில் மூக்கில் ரத்தம் வந்ததைச் சொல்லுங்கள், குத்திய இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

பருத்தி மருந்து வேண்டவே வேண்டாம். வயலுக்கு அடிக்கும் புரோபனோபாஸ், முன்பு அடித்துவந்த மோனோகுரோட்டோபாஸ் போன்றவை தோல் வழியாகவே உள்ளே போய் நரம்பைத் தாக்கும். நாய் நக்கும், உங்கள் பையன் அதைக் கட்டிப்பிடிப்பான். எச்சில் நூலாக ஒழுகுவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, தசை துள்ளுவது, மூச்சு இழுப்பது, இவையெல்லாம் அந்த விஷத்தின் அடையாளம். ஏற்கெனவே ஊற்றிவிட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டு அலசி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது இரண்டும் அதே ரகம்.

இப்போது அந்தக் கயிற்றுக் கட்டில். நாய் உண்ணி நாயின் மேல் இருப்பது அதன் வாழ்நாளில் சொற்பக் காலம்தான். பொரிந்த குஞ்சு ஏறி ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும், தோல் உரிக்கும். இளம் உண்ணியாக மறுபடி ஏறும், விழும். முழு உண்ணியாக மூன்றாம் முறை ஏறும். வயிறு நிரம்பிய பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை அளவு உப்பிக் கீழே விழுந்து, இருட்டான இடுக்கில் சில ஆயிரம் முட்டை இடும். பசியோடு மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். நாய் எங்கே அதிக நேரம் படுக்கிறதோ அங்கேதான் எல்லாம் விழும். மணி எங்கே படுக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு கட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். கால் சட்டத்தில் சேரும் துளை, கயிறு சட்டத்தைச் சுற்றும் மடிப்பு, முடிச்சுகளின் உள்பக்கம், அப்புறம் கட்டிலை ஒட்டிய சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும் உள்ள வெடிப்புகள். உண்ணி மேல்நோக்கி ஏறும் பழக்கமுள்ளது, அதனால் உத்தரத்தில் கூட இருக்கும். கடுகு மாதிரி, மிளகு மாதிரி, ஆமணக்கு விதை மாதிரி மூன்று அளவிலும் பார்ப்பீர்கள். மணியைக் குளிப்பாட்டிச் சுத்தமாக்கி அதே இடத்தில் விட்டால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடுவது இதனால்தான்.

கட்டிலைத் தூக்கிப்போட வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். கயிற்றை அவிழ்த்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிய அண்டாவில் அமுக்கி ஆறும்வரை விடுங்கள். சட்டத்தின் துளைகளிலும் மூட்டுகளிலும் கெட்டிலால் வெந்நீர் ஊற்றுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி பின்னலாம். கயிறு இற்றுப்போயிருந்தால் புதுக்கயிறு போடுங்கள். சுவர் வெடிப்பைச் சிமெண்டோ சுண்ணாம்புச் சாந்தோ வைத்து அடைத்து வெள்ளையடியுங்கள். பிறகு கொட்டகைக்கென்றே விற்கும் சைபர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரினை டப்பாவில் சொன்ன அளவுக்குக் கலந்து தரை ஓரம், இடுக்கு, ஆட்டுக் கொட்டகைத் தூண் எல்லாம் நனைய அடியுங்கள். அப்போது பையனும் ஆடும் கோழியும் வெளியே இருக்கட்டும், காய்ந்த பிறகு வரலாம். பூனை இருந்தால் கூடுதல் கவனம், இந்த வகை மருந்து அதற்கு விஷம். கிணற்றிலோ மீன் உள்ள தண்ணீரிலோ படக்கூடாது.

ஒரு தடவை அடித்துவிட்டு ஓய்ந்துவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. முட்டையை மருந்து கொல்லாது. அது பொரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மூன்று மாதம். கோழி கொத்தித் தின்றுவிடும் என்பார்கள். கண்ணில் படுவதைத் தின்னும், வெடிப்புக்குள் இருப்பதை எப்படித் தின்னும்?

மணியின் உடம்பில் இருப்பதற்கு வாய்வழி மாத்திரைதான் இப்போது நம்பகமானது. ஃபுளூரலானர் ஒரு முறை கொடுத்தால் பன்னிரண்டு வாரம் வரை, அஃபாக்சோலானர் ஒரு மாதம். எடைக்குத் தக்க மாத்திரை, சாப்பாட்டோடு. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஒரு முறை ரத்தம் ஏற்றும் செலவை நினைத்தால் குறைவு. கொடுத்த மறுநாளும் உண்ணி ஏறுவதைப் பார்த்து "மாத்திரை போலி" என்று எண்ணாதீர்கள். உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் மருந்து அதன் உடம்புக்குள் போகும், பிறகு செத்து விழும். ஆனால் ஒட்டிய சில மணி நேரத்திலேயே கிருமி இறங்கிவிடக்கூடும் என்பதால்தான் சுவரையும் கட்டிலையும் இவ்வளவு சொல்கிறேன். கையால் பிடுங்குவதென்றால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். இந்த உண்ணி மனிதர்க்கும் ஒரு வகைக் காய்ச்சலைக் கொண்டுவரும். பையனுக்குக் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தால் வீட்டில் நாய் உண்ணி இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஆட்டில் ஏறுவது பெரும்பாலும் வேறு இனம், அதற்குத் தனி வைத்தியம்.

முதல் வாரம் சாப்பாட்டில் கண்டிப்பு வேண்டாம். வெங்காயம், பூண்டு, மிளகாய் போடாமல் வேகவைத்த கோழிச்சாறு இளஞ்சூட்டில், குழைந்த சோற்றோடு கையளவு, நாளுக்கு நாலு தடவை. மூக்கில் காய்ந்த ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள், மணம் தெரியாமல் நாய் தின்னாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் இறங்கவில்லையென்றால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காமல் குளுக்கோஸ் ஏற்றப் போய்விடுங்கள்.

தேறிய பிறகு வெறும் மோர்ச்சோறு, ரசச்சோறு போதாது. 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வெந்த சோறோ கேப்பைக் களியோ 350 கிராம், எலும்பு நீக்கி வேகவைத்த கோழி அல்லது மீன் 200 கிராம், ஒரு அவித்த முட்டை, பூசணியோ கேரட்டோ 100 கிராம், எண்ணெய் இரண்டு டீஸ்பூன். வறுத்துப் பொடித்த முட்டை ஓட்டுத்தூள் அரை டீஸ்பூன், டாக்சிசைக்ளின் முடிந்த பிறகு. இதை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும், குழம்புச் சோற்றில் இருக்கும் வெங்காயம் சிவப்பணுவை உடைக்கும். ரத்தம் குறைந்த நாய்க்கு அது இரட்டைக் கேடு. சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் முட்டிக்கொண்டு நின்றால்தான் மெலிவு.

ஆடு அறுக்கும்போது பச்சைக் குடல், ஈரல், நுரையீரலை மணிக்குப் போடும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அதிலுள்ள நீர்க்கட்டி வழியாக நாய்க்கு நாடாப்புழு வரும், நாயின் மலத்திலிருந்து முட்டை பையன் வாய்க்குப் போனால் அவன் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளரும். நன்றாக வேகவைத்தால் ஆபத்தில்லை. நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் சேர்ந்த குடற்புழு மாத்திரை பெரும்பாலான கம்பெனிகளில் 10 கிலோவுக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இப்போதைக்கு வேண்டாம், காய்ச்சல் இறங்கட்டும்.

வெறிநாய்த் தடுப்பூசியையும் காய்ச்சலோடு போடுவதில்லை. 28 நாள் முடிந்து இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்குப் போகிற அன்றைக்கே போட்டுவிடுங்கள், பிறகு வருஷம் ஒன்று. எலி நடமாடும் தோட்டம் என்பதால் எலிக்காய்ச்சலும் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும் கேளுங்கள். இதற்கிடையில் மணியோ தெருநாயோ யாரையாவது கடித்துவிட்டால், பிறாண்டிவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

துக்கத்துக்கும் கொஞ்சம் செய்யலாம். மாமனார் எத்தனை மணிக்குக் காட்டுக்குக் கிளம்புவாரோ அதே நேரத்தில், அதே வரப்பு வழியாக, வீட்டில் ஒரே ஆள் தினமும் கூட்டிப் போகட்டும். ஆரம்பத்தில் வாசல் வரை போதும், தட்டணு ஏறும்வரை ஓட்டம் வேண்டாம், அடிபட்டால் உள்ளே ரத்தம் கசியும். சோறும் அதே ஆள் கையால், அதே தட்டில். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கெஞ்சுவது உதவாது. மாமனாரின் துண்டு ஏதாவது இருந்தால் வெயிலில் உதறி, உண்ணி இல்லையென்று பார்த்துவிட்டுப் படுக்கையில் போடலாம்.

கட்டிலைப் பின்னி முடித்ததும் பழைய இடத்திலேயே போடுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நாலு காலுக்கும் ஒரு செங்கல் வைத்து உயர்த்தினால் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கவும் கூட்டவும் வசதியாக இருக்கும், மணி நுழையவும் இடம் இருக்கும்.